ஃபார்வர்டு போட்டு தொலைத்த மெயில்: உங்கள் அனுபவம் என்ன?

செவ்வாய்ப்பேட்டை:
இங்கே சில வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கும் மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். பழம் பறிக்கும் சமயம், எஸ்டேட் முதலாளி போன் செய்தார். "தம்பி, பெங்களூர்க்காரர் விலை அனுப்பி மூணு நாளாச்சுங்கறார். எனக்கு ஒண்ணுமே வரலியே?"

எஸ்டேட் முகவரிக்கு வருவதெல்லாம் அவருடைய சொந்த மெயில்பெட்டிக்கு ஃபார்வர்டு ஆகும்படி நான்தான் வைத்திருந்தேன். வருடக்கணக்கில் ஓடிய ஏற்பாடு. லாக்கைத் திறந்தால் 550 5.7.26, அதாவது அனுப்பியவர் உண்மையானவர்தானா என்ற சோதனைகளில் தோற்றது என்று அந்தப் பெட்டியின் சர்வர் திருப்பி அடித்திருக்கிறது. பவுன்ஸ், அதாவது 'சேரவில்லை' என்ற மறுப்பு மெயில், பெங்களூருக்கே போயிருக்கிறது. அவர் ஏதோ குப்பை என்று அழித்துவிட்டாராம்.

அந்தச் சோதனைகளில் எஸ்பிஎஃப் தோற்றதில் ஆச்சரியமில்லை. எந்த ஐபிக்கள் தன் பெயரில் அனுப்பலாம் என்று பெங்களூர் டொமைன் டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் எழுதிவைத்த பட்டியலில் என் சேலம் சர்வர் எப்படி இருக்கும்? ஆனால் டிகிம் காப்பாற்றியிருக்க வேண்டும். கடிதத்தின் உடலுக்கும் சில ஹெட்டர்களுக்கும் (மெயிலின் தலைப்பு வரிகள்) அனுப்பியவர் போட்ட கையெழுத்து அது. தொடாமல் அனுப்பினால் எத்தனை சர்வர் தாண்டினாலும் செல்லும். அதைக் கெடுத்தது நானேதான். முதலாளி கேட்டார் என்று சப்ஜெக்ட்டில் 'எஸ்டேட்' என்று முன்னொட்டும், கீழே நாலு வரி எச்சரிக்கையும் சேர்த்திருந்தேன். கையெழுத்து போச்சு. இரண்டும் தோற்றால் நிராகரி என்று அந்த டொமைனின் டிமார்க் கொள்கை சொல்லியிருந்தது.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஃபிரம் வரியையே எஸ்டேட் முகவரியாக மாற்றிப் பார்த்தேன். மெயில் வந்தது. முதலாளி "சரி, இந்த விலைக்கே எடுத்துக்கோங்க" என்று பதில் போட்டார். அந்தப் பதில் சுற்றிக்கொண்டு அவருக்கே வந்து சேர்ந்தது!

வேறு ஊருக்குப் போனவரின் தபாலை போஸ்ட்மேன் திருப்பிவிடும்போது உறைமேல் விலாசத்தை அடித்து எழுதுவார். உள்ளே பிரித்துக் கடிதத்தைத் திருத்துவாரா? இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். உறையின் அனுப்புநரை மட்டும் எஸ்ஆர்எஸ் முறையில் என் டொமைனுக்கு மாற்றுகிறேன், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளோடு அதற்கான போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி. பழைய முகவரி அதற்குள்ளேயே ஒளிந்திருப்பதால் பவுன்ஸ் வந்தாலும் வழி தெரியும். காலி அனுப்புநரோடு வரும் பவுன்ஸைத் தொடுவதில்லை. மேலே 'என் வழியாக வந்தது' என்று காட்டும் ஒரு ரிசீவ்டு வரி, அவ்வளவுதான் சேர்க்கிறேன். எஸ்ஆர்எஸ்ஸால் எஸ்பிஎஃப் பாஸ் ஆனாலும் அது என் டொமைனுக்குத்தான், ஃபிரம்மில் உள்ள பெங்களூர் டொமைனோடு பொருந்தாது. டிமார்க்கில் கைகொடுப்பது டிகிம்தான்.

கொண்டலாம்பட்டி தறி:
எங்கள் கதை வேறு. லீவில் போன கணக்கர் தன் மெயிலை மேனேஜருக்குத் திருப்பிவிட்டார். மேனேஜர் போன தீபாவளிக்கே கணக்கருக்குத் திருப்பிவிட்டதை எடுக்க மறந்திருந்தார். வழக்கமாக இது பெரிய விஷயமில்லை. எந்தப் பெட்டிக்கு வந்தது என்று குறிக்கும் டெலிவர்டு-டூ ஹெட்டரில் தன் முகவரியையே பார்த்தால் சர்வர் நிறுத்திவிடும். இல்லாவிட்டால் ரிசீவ்டு வரிகள் 50 ஆனதும் போஸ்ட்ஃபிக்ஸ் கைவிரிக்கும். ஆனால் உள் ஐபி வெளியே தெரியக்கூடாது என்று எங்களுக்கு முன்பு இருந்தவர் இரண்டையும் வெட்டியெறிய விதி எழுதியிருந்தார். ஒரே மெயில் விடிய விடிய சுற்றி, காலையில் வட்டு நிறைந்து எல்லாம் நின்றுவிட்டது. அந்த மெயில் ஒரு டீக்கடை பில்.

அஸ்தம்பட்டி:
@செவ்வாய்ப்பேட்டை, ஆர்க் போட்டுப் பார்த்தீர்களா அண்ணா? 2019இல் அதை விவரிக்கும் ஆவணம், ஆர்எஃப்சி 8617, வந்ததே.

செவ்வாய்ப்பேட்டை:
போட்டேன் தம்பி. "என்னிடம் வந்தபோது சரியாக இருந்தது" என்று நான் முத்திரை வைத்து அனுப்பலாம். ஆனால் வாங்குகிறவன் என் முத்திரையை நம்ப வேண்டுமே, பத்து பெட்டி இருக்கும் சேலத்துச் சர்வரை யார் நம்புவார்கள்? கடைசியில் முதலாளி போனிலேயே எஸ்டேட் பெட்டியை ஐமேப்பில் (சர்வரில் உள்ள பெட்டியை நேரே பார்க்கும் முறை) சேர்த்துக் கொடுத்துவிட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போகும்போது மட்டும் இன்னும் எனக்கு போன் வருகிறது.