"வீட்டுக்காரர் வரலையா?" கருக்கலைப்புக்குப் போன இடத்தில் உங்களிடம் என்ன கேட்டார்கள்?

கெடிலக்கரை (கடலூர்):

போன வாரம் தங்கை போன் செய்து, "அக்கா, இதை உன்கிட்ட மட்டும்தான் கேக்க முடியும்" என்று ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு 2019 ஞாபகம் வந்துவிட்டது. அதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர் வேண்டாம்.

அப்போது பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவனுக்குப் பதினோரு மாதம். பால் கொடுக்கிற வரைக்கும் கரு நிற்காது என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தோம். (நான் பி.எஸ்சி. விலங்கியல். சிரிக்காதீர்கள்.) பிரசவத்துக்கு அப்புறம் தூரமே ஒழுங்காக வரவில்லை என்பதால் நாள் தள்ளியதும் தெரியவில்லை. சங்கரா மீன் குழம்பு கொதிக்கும்போது குமட்டியதும்தான் சந்தேகம் வந்தது. ஸ்கேனில் எட்டு வாரம் என்றார்கள். லீவுக்கு வந்திருந்த வீட்டுக்காரர் அதற்குள் சிங்கப்பூர் போய்விட்டார். போனில் இரண்டு பேரும் பேசினோம். மூன்றாவது வேண்டாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். "உன் உடம்பு, நீ சொல்றதுதான்" என்றார்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அது எடுபடவில்லை. கவுன்டரில் இருந்த பெண் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வீட்டுக்காரர் வரலையா?" என்றார். சிங்கப்பூர் என்றேன். வீடியோ காலில் காட்டுகிறேன் என்றேன். "அதெல்லாம் செல்லாதும்மா. மாமியார், மாமனார் யாரையாவது கூட்டிட்டு வா." மாமியார் தவறி நாலு வருஷம் ஆகிறது. கடைசியில் என் மாமனார் வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரேஷன் கடைக்கு எடுத்துப்போகும் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மூடியை வாயில் கவ்விக்கொண்டு, 'உறவுமுறை' என்ற இடத்தில் 'மாமனார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியது. வெளியே வந்ததும் எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் இப்படி ஒரு சங்கடத்தை எதற்காக உண்டாக்கினார்கள் என்று இன்று வரைக்கும் எனக்குக் கோபம்.

அப்புறம்தான் தெரிந்தது. சட்டப்படி நிரப்ப வேண்டிய சம்மதப் படிவம், படிவம் சி, அதில் 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும்தான். கணவர் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை.

ஓய்வுபெற்ற சிஸ்டர் (நெல்லிக்குப்பம்):

கேட்டவர்களில் நானும் ஒருத்தி, அதனால் பதில் சொல்கிறேன். 33 வருஷம் வேலை பார்த்தேன். எத்தனை பேரிடம் "வீட்டுக்காரர் எங்கே" என்று கேட்டிருப்பேன், கணக்கில்லை. சட்டம் தெரியாமல் கேட்கவில்லை. ஒரு தடவை ஒரு ஆள் குடித்துவிட்டு வந்து, "யாரைக் கேட்டுடி என் புள்ளையக் கலைச்ச" என்று லேபர் வார்டு கதவை உதைத்தான். அதற்கப்புறம் டாக்டர் எல்லாருக்கும் கையெழுத்து வாங்கச் சொல்லிவிட்டார். ஒருத்தன் உதைத்ததற்கு அடுத்த இருபது வருஷம் வந்த பெண்கள் எல்லாரும் அலைந்தார்கள். இப்போது யோசித்தால் தப்புதான்.

சின்ன வயசுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கலைப்புச் சட்டம் வந்தே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. 1971-இல் போட்ட சட்டம், 1972 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அப்படியும் கருவைக் கலைக்க எருக்கங்குச்சியை உள்ளே வைத்துக்கொண்டு வருகிற கேஸ் நின்றபாடில்லை. முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை செய்த ஒரு பெண், விரலெல்லாம் அந்தப் பால் பட்டுக் கறுத்திருக்கும், ஜுரம் 104-இல் வந்தாள். நாலு பிள்ளை. மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று குச்சி வைக்கிறவளிடம் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். கவர்மென்ட் ஆஸ்பத்திரி அவள் ஊரிலிருந்து ஒரே பஸ். அங்கே வந்தால் யார் யாருக்குச் சொல்லுவார்களோ என்கிற பயம்தான் அவளைக் கொன்றது. இப்போது சட்டத்திலேயே இருக்கிறது: கலைத்துக்கொண்ட பெண்ணின் பெயரை வெளியில் சொன்னால் ஒரு வருஷம் வரை ஜெயில். 2021 திருத்தத்தில் வந்தது.

ஆனால் இந்தச் சட்டத்தை 'உரிமை' என்று பலர் சொல்கிறார்களே, அதில் ஒரு திருத்தம். அந்தச் சட்டம் பெண்ணுக்கு உரிமை கொடுக்கவில்லை, டாக்டருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. கருவைக் கலைப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 312-ஆம் பிரிவில் குற்றம். தானே கலைத்துக்கொண்டால் அந்தப் பெண்ணும் குற்றவாளி. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 88-ஆம் பிரிவு. இன்ன காரணத்துக்காக, இத்தனை வாரத்துக்குள், டாக்டர் சரி என்று நினைத்தால் அது குற்றமில்லை. அவ்வளவுதான் சட்டம். 20 வாரம் வரை ஒரு டாக்டர், 20-லிருந்து 24 வரை குறிப்பிட்ட சிலருக்கு மட்டும், இரண்டு டாக்டர். அதற்கு மேல் சிசுவுக்குப் பெரிய குறை இருந்தால் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு.

உன் தங்கைக்கு எத்தனை வாரம்மா?

கெடிலக்கரை:

ஏழு, சிஸ்டர்.

புதுச்சேரி மழை:

எனக்கு 2023-இல். கல்யாணம் ஆகவில்லை, இன்னும் ஆகவில்லை. கூட வேலை பார்க்கிற தோழி, "சும்மா போனா உள்ளயே விடமாட்டாங்க" என்று சொல்லிப் பெரிய மார்க்கெட்டில் ஒரு ஜோடி மெட்டியும் மஞ்சள் கயிறும் வாங்கிக்கொடுத்தாள். மெட்டி ஒரு சைஸ் சின்னது. ஸ்கூட்டியில் போகும்போதே விரல் எரிய ஆரம்பித்துவிட்டது.

டாக்டர் வயதான அம்மா. பெட்டில் படுக்கச் சொன்னபோது என் காலைப் பார்த்தார். "இது எப்பப் போட்டது? புதுசாப் புண்ணாகியிருக்கே." எனக்கு வாயே வரவில்லை. அவரே சொன்னார்: "கழட்டி வச்சிடும்மா. வயசு பதினெட்டு தாண்டிட்டுது இல்ல? எனக்கு அது போதும்." மாத்திரையிலேயே முடிந்தது. இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி ஸ்கேன் பார்த்து அனுப்பினார். வலி இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பயந்த அளவுக்கு எதுவுமில்லை.

முன்னால் சட்டத்தில் கருத்தடை தவறினால் என்கிற இடத்தில் 'மணமான பெண்ணோ அவள் கணவரோ' என்று இருந்ததாம். 2021-இல் 'எந்தப் பெண்ணோ அவள் துணையோ' என்று மாற்றினார்கள். 24 வாரம் வரைக்குமான சலுகையில் மணமாகாதவர்களை ஒதுக்கக்கூடாது என்று 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்து சில மாதம் கழித்துத்தான் நான் மெட்டி போட்டுக்கொண்டு போனேன். செய்தி மார்க்கெட் வரைக்கும் வந்து சேரவில்லை போல.

வண்டிப்பாளையம்:

ஆம்பளை ஒருத்தன் எழுதினால் திட்டுவீர்கள், தெரியும். என் மனைவி என்னிடம் சொல்லாமல் போய்ச் செய்துகொண்டாள். பீரோவில் புடவைக்கு அடியில் இருந்த பில்லைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அந்தக் குழந்தை எனக்கும்தானே? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இரண்டு வருஷம் சரியாகப் பேசவில்லை நான். கையெழுத்து வேண்டாம் என்று ஒரே போடாகப் போடுகிறீர்கள், சரி. எனக்கு எங்கே இடம்?

கெடிலக்கரை:

அண்ணா, திட்டவில்லை. உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் உங்களுக்கான இடம் வீட்டில் இருக்கிறது, ஆஸ்பத்திரி கவுன்டரில் இல்லை. இதே கேள்வியோடு ஒரு கணவர் கோர்ட்டுக்கே போனார், டாக்டர்கள் மீதும் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்டார். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2011-இல் தள்ளியது, 2017-இல் உச்ச நீதிமன்றமும் தள்ளியது. ஒன்று கேட்கட்டுமா? உங்கள் மனைவி ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று எப்போதாவது கேட்டீர்களா?

வண்டிப்பாளையம்:

கேட்டேன். "சொன்னா உங்க அம்மாகிட்ட சொல்லுவீங்க" என்றாள். சொல்லியிருப்பேன்தான்.

சொல்தா வீட்டுப் பேரன் (புதுச்சேரி):

எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவம், பென்ஷன் வீடு. பாதிக் குடும்பம் பாரிஸ், பாதி இங்கே. 2024 மார்ச் 4-ஆம் தேதி வெர்சாயில் பிரான்ஸ் நாடாளுமன்றத்தின் இரண்டு சபையும் கூடி, கருக்கலைப்புச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள், 780-க்கு 72. அன்றைக்கு எங்கள் வீட்டில் அத்தை வீடியோ காலில் கை தட்ட, ஆயா இங்கே ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, "ஈபிள் டவர்ல லைட்டு போடற சமாச்சாரமா இது?" என்று டி.வி.யை நிறுத்திவிட்டார். இன்றைக்கும் அவருக்கு அது பாவம்தான். யார் பேசியும் மாறவில்லை, மாறவும் மாட்டார். எனக்கு அதில் ஆச்சரியமான விஷயம், பிரான்ஸிலும் 'உரிமை' என்று எழுதவில்லை, 'உத்தரவாதமான சுதந்திரம்' என்றுதான் எழுதினார்கள். அந்த ஒரு சொல்லுக்கே மாதக்கணக்கில் சண்டை. அமெரிக்காவில் கருக்கலைப்பு உரிமை என்று 1973-இல் வந்த தீர்ப்பை 2022-இல் கோர்ட்டே எடுத்துவிட்டதே, அதைப் பார்த்துத்தான் இவர்கள் அவசரப்பட்டார்கள்.

பண்ருட்டிப் பெண்:

நான் எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எல்லாரும் கையெழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் படிவத்தில் என் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. யாரும் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

எனக்கு இரண்டும் பெண். மூன்றாவது நின்றதும் மாமியார் வீட்டில் ஒரு ராத்திரி காரில் கூட்டிப்போனார்கள். எங்கே என்று சொல்லவில்லை. ஒரு வீடு, மாடியில் ஒரு ரூம், ஒரு சின்ன மெஷின். வயிற்றில் ஜெல் தடவியவன் என்னிடம் எதுவும் பேசவில்லை. வெளியே போய் அவர்களிடம் சொன்னான். திரும்பி வரும்போது காரில் ஒருவரும் பேசவில்லை, அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. 1994-லேயே அதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும், அதனால்தானே ராத்திரி.

அப்புறம் ஒழுங்கான ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். கருத்தடை தவறிவிட்டது என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். "உன் விருப்பம்தானே?" என்று டாக்டர் நல்லவிதமாகத்தான் கேட்டார். கதவுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் அம்மா என் சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "ஆமா" என்றேன்.

வேண்டாம் என்பவளை நிறுத்தாதீர்கள், சரி. வேணும் என்று நினைத்த என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க ஒருத்தர் இருந்திருந்தால்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருக்க வேண்டும்மா. நாங்கள் கூட வந்தவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்தோமே தவிர, அவர்களை வெளியே போகச் சொன்னதில்லை.

கெடிலக்கரை:

பண்ருட்டிப் பெண், உங்கள் பதிவைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அதனால் நேற்றுக் காலையில் கிளம்பும் முன் ஒரு தடவை, அவள் வீட்டுக்காரர் வண்டி எடுக்கப் போன நேரம் பார்த்து, "உனக்குத்தானே வேண்டாம்?" என்று கேட்டேன். "அக்கா, எனக்குத்தான்" என்றாள். கிளம்பினோம்.

கவுன்டரில் ஆள் வேறே, கேள்வி அதே. "வீட்டுக்காரர் வரலையா?"

"வந்திருக்கார், வெளிய வண்டிகிட்ட நிக்கிறார்" என்றாள் தங்கை. "கையெழுத்து நான் போடறேன்."

அந்தப் பெண் இவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் ஃபைலைத் திருப்பி வைத்து, "இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்று பேனாவை நீட்டினார்.