திருகோணமலையில் தரம் 10 பிள்ளை ரோபோ பழக இடம் உண்டா?

உப்புவெளியில் இருக்கிறோம். மகள் தரம் 10. ரோபோ, மின்னணுக் கருவிகள் செய்து பழகும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோ ஊனோ வாங்கி ஆறு மாதம். அதன் 13ஆம் பின்னில் (இணைப்பு முனையில்) விளக்கைச் சிமிட்ட வைத்தாள், ஒலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரும் ஓடுகிறது. சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சேர்வோ மோட்டாரைப் பூட்டினால் மட்டும் பலகை திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது. மின்சாரம் போதவில்லைபோல. பக்கத்தில் இருந்து காட்டித்தர ஆள் இல்லை.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையவழிப் பைதன் (கணினி நிரல் மொழி) பாடத்தை முடித்துவிட்டாள். பாடசாலையில் ரோபோக் கழகம் இல்லை. நாலு டியூட்டரியில் விசாரித்தேன், எல்லாம் சாதாரண தரப் பாடங்கள்தான் (டியூஷன் இல்லாத ஒழுங்கை இங்கே ஏது!). கொழும்பு வகுப்பென்றால் ஒரு வழிக்கே சுமார் 260 கிலோமீற்றர், வாராவாரம் சரிவராது.

நகரிலோ நிலாவெளி, கோணேசபுரிப் பக்கமோ, சனி ஞாயிறில் இதைக் கையோடு சொல்லிக்கொடுக்கும் இடமோ ஆளோ யாருக்காவது தெரியுமா?