சி.எஸ். 2-ஆ, 3-ஆ? ட்வின் பிளாக் இப்போதே கொடுக்கலாமா?

கேள்வி கேட்பவர்: கீழ்த்தாடை (புனைபெயர்)

கழுத்து முள்ளெலும்பின் முதிர்ச்சி நிலை (சி.எஸ்.) 2-ஆ 3-ஆ என்று தெரியவில்லை; ட்வின் பிளாக் (கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கும், கழற்றி மாட்டும் பல் கருவி) கொடுப்பதா என்பது கேள்வி. பையனுக்கு வயது 12 வருடம் 10 மாதம். கிளாஸ் 2 டிவிஷன் 1 (மேல் முன்பற்கள் துருத்திய கடி), ஓவர்ஜெட் (மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே முன்பின் இடைவெளி) 9 மி.மீ., கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது. செஃபில் (தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே) சி2 கழுத்து முள்ளெலும்பின் அடிவிளிம்புக் குழிவு தெளிவாகத் தெரிகிறது. சி3-இல் இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. சி4 தட்டை. மணிக்கட்டு எக்ஸ்ரேயில் நடுவிரலின் நடு எலும்பில் எபிஃபிசிஸ் (எலும்பு முனையில் தனியாக வளரும் துண்டு), தண்டின் அகலத்துக்கு வந்துவிட்டது, தொப்பி கட்டவில்லை (ஓரங்கள் தண்டின் மேல் கவியவில்லை). கிரூலிக்-பைல் அட்லஸ்படி (கை எக்ஸ்ரேயை ஒப்பிட்டு எலும்பு வயது சொல்லும் படத்தொகுப்பு) எலும்பு வயது 12. பத்து மாதம் பின்தங்கியிருக்கிறான் என்பதால் ட்வின் பிளாக்கை ஆறு மாதம் தள்ளிப்போடலாமா? அவன் அம்மா வேறு, "தாடை இன்னும் எத்தனை மில்லிமீட்டர் வளரும்" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில் 1: முள்ளெலும்பு

முதலில் அந்தப் பத்து மாதத்தை விட்டுவிடுங்கள். இந்த வயதுப் பையன்களுக்கு அந்த அட்லஸின் திட்ட விலக்கமே (இயல்பான பையன்களுக்குள்ளேயே இருக்கும் ஏற்ற இறக்கம்) ஏறத்தாழ 10 மாதம்தான். இதைப் பின்தங்கல் என்று எழுத முடியாது.

சி3-ஐக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடிவிளிம்பின் முன்மூலையையும் பின்மூலையையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். கோட்டிலிருந்து விளிம்பின் ஆழமான இடம் வரை அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் குழிவு என்றே கொள்ளலாம். பென்சில் கோட்டின் தடிமன் அளவுதான் வருகிறது என்றால் "2-க்கும் 3-க்கும் இடையில்" என்று நேர்மையாக எழுதிவிடுங்கள். தலை சாய்ந்து எடுத்த படத்தில் விளிம்பு இரட்டையாக விழும். கீழ்க்கோட்டைப் பிடிப்பவர் ஒரு நிலை சொல்வார், மேல்கோட்டைப் பிடிப்பவர் இன்னொன்று. தைராய்டு காலர் சி4-ஐ மறைத்திருந்தால் அந்தப் படத்தை வைத்து நிலையே சொல்லக் கூடாது.

பச்செட்டி, ஃபிராங்கி, மெக்நமாரா 2005-இல் வெளியிட்ட கழுத்து முள்ளெலும்பு முறைப்படி கீழ்த்தாடையின் உச்ச வளர்ச்சி சி.எஸ். 3-க்கும் 4-க்கும் இடையில். சி.எஸ். 2 என்றால் உச்சம் சுமார் ஒரு வருடம் கழித்துத் தொடங்கும். ஆக, நீங்கள் குழம்புகிற இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருப்பது ஒரு வருடம். அதைத் தீர்க்க விரல் எக்ஸ்ரேயிலேயே வழி இருக்கிறது. எபிஃபிசிஸ் வெறுமனே தண்டின் அகலத்துக்கு வந்திருந்தால் அது எஃப் நிலை (விரல் எலும்பின் முதிர்ச்சி எஃப், எஃப்.ஜி., ஜி என்று போகும்). பக்கவாட்டு விளிம்புகள் செங்குத்தாக, கூர்மையாகத் திரண்டிருந்தால் எஃப்.ஜி.; அப்படியானால் உயரத்தின் உச்ச வேகம் வந்துவிட்டது, இல்லையென்றால் ஒரு வருடத்துக்குள் வரும். தொப்பி கட்டினால்தான் ஜி. அடுத்த முறை இதற்காக முழுக் கையையும் எடுக்க வேண்டாம், அந்த ஒரு விரலைப் பெரிஅபிகல் பிலிமில் (பல்லுக்கான சிறிய எக்ஸ்ரே பிலிம்) எடுத்தால் போதும்.

பதில் 2: அளவுகோல்

எக்ஸ்ரேயே இல்லாத ஒரு சான்றை யாரும் கேட்கவில்லையே! உயரம். வீட்டிலோ பள்ளியிலோ குறித்து வைத்த அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு அளவின் வித்தியாசத்தை இடைப்பட்ட மாதங்களால் வகுத்து 12-ஆல் பெருக்கினால் வருட வேகம். பையன்களுக்கு உச்சத்துக்கு முன் வேகம் வருடத்துக்கு 5 செ.மீ.யை ஒட்டி இறங்கி, பிறகு ஏறும். உச்சத்தில் சராசரியாக 9 செ.மீ.க்கு மேல் போகும்.

இதிலும் ஏமாறலாம். ஒவ்வொரு அளவிலும் அரை செ.மீ. பிசகினால் வித்தியாசத்தில் 1 செ.மீ. வரை தவறு வரும். மூன்று மாத இடைவெளி என்றால் அது வருட வேகத்தில் 4 செ.மீ. ஆகிவிடும், ஆறு மாதம் என்றால் 2. காலையில் இருக்கும் உயரம் மாலையில் ஒரு செ.மீ. அளவுக்குக் குறையும் என்பதால் ஒரே நேரத்தில், செருப்பில்லாமல் அளக்க வேண்டும். குரல் உடைந்துவிட்டதா என்றும் கேளுங்கள்: இன்னும் சிறுவன் குரல்தான் என்றால் உச்சம் தாண்டியிருக்காது.

பதில் 3: ட்ரேசிங் பேப்பர்

அம்மாவின் கேள்விக்கு: எண் சொல்லாதீர்கள். மேலே பேசியதெல்லாம் எப்போது வளரும் என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது வேறு கணக்கு. தாடை வளர்ச்சி ஆய்வாளர் பியர்க் 1969-இல் சொன்ன, தாடை சுழலும் திசையைக் காட்டும் ஏழு அறிகுறிகளைப் பாருங்கள். காண்டைலின் (தாடை மூட்டுத் தலை) சாய்வு, கீழ்த்தாடைக் கால்வாயின் வளைவு, அடிவிளிம்பின் வடிவம், சிம்ஃபிசிஸ் (தாடையின் நடு முன்பகுதி) சாய்வு, முன்பற்களின் இடைக்கோணம், கடைவாய்ப் பக்கப் பற்களின் இடைக்கோணம், கீழ்முக உயரம். பல அறிகுறிகள் ஒரே திசையைக் காட்டினால் அர்த்தம் உண்டு. ஒன்றிரண்டை வைத்து ஜோசியம் சொல்லக் கூடாது. 1984-இல் பாம்ரிண்ட் குழு சோதித்தபோது, கீழ்த்தாடை பின்னோக்கிச் சுழலப்போகும் குழந்தைகளைத் தேர்ந்த நிபுணர்களாலும் குருட்டு அதிர்ஷ்டத்தைவிட மேலாகப் பிரித்தெடுக்க முடியவில்லை.

பின்னால் இரண்டாவது செஃப் எடுத்து ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் ஒரே மெஷினில் எடுங்கள், ஸ்கேல் தெரிய வேண்டும். 110 மி.மீ. தாடை 8% உருப்பெருக்கத்தில் 118.8 என்றும் 10%-இல் 121 என்றும் விழும். அந்த 2.2 மி.மீ.யை வருட வளர்ச்சி என்று கணக்கில் எழுதிவிடுவோம். படங்களை மேல்படிய வைப்பதும் முன் கபால அடித்தளத்தின் மீதுதான்.

கீழ்த்தாடை

நீங்கள் சொன்னபடி அளந்து பார்த்தேன். சி3-இல் 0.9 மி.மீ. வந்தது. எபிஃபிசிஸின் ஒரு பக்கம் செங்குத்தாகத் திரண்டிருக்கிறது. பள்ளிக் குறிப்பில் உயரம் 142.8, எட்டு மாதம் கழித்து 146.2, அதிலிருந்து ஏழாவது மாதம் 149.7. வேகம் 5.1-இலிருந்து 6 ஆகிறது. குரல் மாறவில்லை.

பதில் 2: அளவுகோல்

5.1-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் மட்டும் இருந்தால் நம்பமாட்டேன், அளவுப் பிசகுக்குள் அடங்கிவிடும். ஆனால் விரலும் கழுத்தும் அதே பக்கம் சாய்கின்றன. தள்ளிப்போட வேண்டாம். ட்வின் பிளாக்குக்கே 9 முதல் 12 மாதம் ஆகும், உச்சம் அதற்குள் வந்து விழும். ஓவர்ஜெட் குறைவதில் பெரும்பங்கு பற்கள் நகர்வதுதான் என்பதையும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் கோப்பில் எழுதி வையுங்கள். வேகம் கணக்கிடும்போது ஆறு மாத இடைவெளி அளவுகளை எடுங்கள்.