தபாலாபீஸாக இருந்த எங்கள் முன்னறை: இனி என்ன செய்யலாம்?

கேள்வி (பள்ளத்தூர்ப் பக்கத்துப் பேத்தி)

எங்கள் வீட்டுத் தெருவோர அறையும் அதை ஒட்டிய திண்ணையும் ஐயா (அப்பாவின் அப்பா) காலத்திலிருந்து ஊர்த் தபாலாபீஸுக்கு வாடகைக்கு இருந்தன. போன வருடம் ஆபீஸ் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. அறை காலி. தளத்தில் ஒரு மூலை ஒழுகுகிறது. ஆள் உயரத்துக்கு அடித்திருந்த பெயிண்ட் கொப்பளித்து உரிகிறது.

வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பல பங்காளிக் குடும்பங்களுக்கு, பொது. பங்காளிகளில் ஒருவர் இடித்துக் கடை கட்டலாம் என்கிறார். இன்னொருவர், தேக்குக் கதவையும் தூணையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்றால் நல்ல விலை வரும் என்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரங்கூனிலிருந்து ஐயா போடும் கடிதத்தைப் போஸ்ட்மாஸ்டர்தான் படித்துச் சொல்வாராம். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்களின் வீட்டார், அங்கே சமையலுக்கும் எடுபிடிக்கும் போனவர்களின் வீட்டார், மணியார்டருக்குக் காத்திருந்த கிழவிகள் என்று எல்லாரும் உட்கார்ந்த திண்ணை அது. எங்கள் தெருவில் ஊரே தயங்காமல் படியேறிய இடம் அது ஒன்றுதான். அதே மாதிரி எல்லாரும் வந்து போகும் இடமாக அதை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வழி சொல்லுங்கள்.

பதில் 1 (ஓய்வுபெற்ற தபால்காரன்)

அம்மா, முதலில் அறையில் விட்டுப்போன பொருள்களைப் பாருங்கள். தபால்பெட்டி, முத்திரை, தராசு, பதிவேடு எதுவானாலும் துறையின் சொத்து. கோட்ட அலுவலகத்துக்கு எழுதி ஒப்படைத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டுவாடா ஆகாத கடிதம் ஏதாவது அகப்பட்டால் பிரிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக் கடிதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1937 மார்ச் முடியும்வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனில் ஒட்டியதும் பள்ளத்தூரில் ஒட்டியதும் ஒரே இந்தியத் தபால்தலை. ஏப்ரல் 1இல் தனியாகப் பிரித்தபோது, அந்தத் தலைகளின் மேலேயே பர்மா என்று அச்சடித்து விற்றார்கள். 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அதோடு எத்தனையோ வீடுகளுக்கு அங்கிருந்து கடிதமே வரவில்லை. பெட்டகத்தில் பழைய உறைகள் இருந்தால் தலையை மட்டும் கிழித்து எடுத்துவிடாதீர்கள். உறை முழுசாக இருந்தால்தான் முன்பக்க முத்திரையில் புறப்பட்ட நாளும் பின்பக்கத்தில் வந்து சேர்ந்த நாளும் தெரியும். அந்த அறையில் சட்டம் போட்டு மாட்ட அதைவிட நல்ல பொருள் வேறு கிடையாது.

பதில் 2 (சுண்ணாம்பு வேலை)

தளம் மெட்ராஸ் டெரஸாகத்தான் இருக்கும். தேக்குக் கட்டைகள் மேல் சின்னச் செங்கலைக் குத்துக்கல்லாகக் கோணத்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டையான தட்டோடுகளைப் பதித்திருப்பார்கள். தயவுசெய்து அதன்மேல் சிமெண்ட் போட வேண்டாம். பாரம் கூடும். சிமெண்ட் வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் வெளியே வர வழியில்லாமல் கட்டையைத்தான் அரிக்கும். ஒழுகும் மூலையில் மட்டும் தட்டோட்டை எடுத்து, கட்டையின் முனை சுவருக்குள் உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். முனை நன்றாக இருந்தால் வேலை சின்னதுதான். சுண்ணாம்பு, செங்கல்தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் இவற்றால் பழையபடி போட்டுவிடலாம்.

சுவர் கொப்பளிக்கக் காரணம் அந்த ஆயில் பெயிண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும், பெயிண்ட் அடைத்துவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள், அப்புறம் வெள்ளையடிக்கலாம். தரை ஆத்தங்குடிக் கல்லா? ஆசிட் ஊற்றிவிடாதீர்கள், நிறம் போய்விடும்.

பதில் 3 (கானாடுகாத்தான்)

எங்கள் ஊரில் பெரிய வீடுகளை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். வீடுகள் பிழைத்தன, நல்லதுதான். ஆனால் ஒற்றை அறைக்கு அது சரிப்படாது. வாசகசாலை வையுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இடமில்லாமல் தவிக்கிறார்கள். ஒரு மேஜை, நல்ல விளக்கு, மின்விசிறி போதும். கரண்ட் பில்லுக்கு, சாயங்காலத்தில் திண்ணையை மகளிர் குழுவுக்கு விடலாம். சீப்புச் சீடை, மனகோலம் என்று பலகாரம் விற்றாலே வாடகை வரும்.

எதுவானாலும் எல்லாப் புள்ளிகளிடமும் எழுத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுச் செங்கலைத் தொடுங்கள். வாய்ச்சம்மதம் அடுத்த தலைமுறையில் வழக்காகும்.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. வாசகசாலை என்றதும் மனம் நிறைந்துவிட்டது. மகளிர் குழுவிடம் நானே பேசுகிறேன். பெட்டகச் சாவி பெரிய அப்பச்சியிடம் (பெரியப்பாவிடம்) இருக்கிறது, உறைகளை அவரோடு உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு வேலை அண்ணே, பங்காளிகள் திருவிழாவுக்கு வரும்போது கையெழுத்து வாங்கிவிடுவேன். ஐப்பசி மழைக்கு முன் அந்த மூலையையாவது முடித்தாக வேண்டும். ஒருமுறை வந்து கட்டை முனையைப் பார்க்க முடியுமா?