உதவி: டூம் பழைய வாட் ஃபைல் போட்டும் லெவல் மாறமாட்டேங்குது

இம்ப்வேட்டை: டூம் துப்பாக்கி ஆட்டத்துக்கு 1994-ல் ரசிகர் ஒருவர் செய்த லெவல் ஒன்றை இறக்கினேன், வாட் ஃபைலாக (லெவல், படமெல்லாம் அடங்கிய ஃபைல்). போட்டால் எப்போதும் வரும் முதல் லெவலே வருகிறது. எரர் இல்லை. ராத்திரி தம்பி வருவதற்குள் வேண்டும், ப்ளீஸ்.

நிலாபிக்சல்: எந்த டூம்? எதில் ஓட்டுகிறீர்கள்? கமாண்டை அப்படியே போடுங்கள்.

டாஸ்பிரியன்: விஸ்பிளேன் லிமிட்தான், அதாவது ஒரே நேரத்தில் வரையும் தரை, கூரைத் துண்டுகளின் எல்லை. பழைய இன்ஜின் 128 வரைக்கும்தான் தாங்கும். ஜிஇசட்டூம் என்ற புது இன்ஜினுக்கு மாறிவிடுங்கள்.

நிலாபிக்சல்: அது தாண்டினால் ஆட்டமே எரரோடு நின்றுவிடும். இவருக்கு எரரே இல்லையே அண்ணா.

கார்மேகம்: ஷேர்வேர் (இலவச மாதிரிப் பதிப்பு) வைத்திருப்பாரோ?

டாஸ்பிரியன்: ஷேர்வேரில் -ஃபைல் போட்டால் காசு கட்டச் சொல்லி வெளியே தள்ளிவிடும். அதுவும் இல்லை.

இம்ப்வேட்டை: இன்ஜின் சாக்லேட் டூம் (பழைய இன்ஜின் மாதிரியே ஓடுவது), ஆட்டம் டூம் 2. -ஃபைல் போட்டு வாட் பெயர், அவ்வளவுதான்.

பழையபெருச்சாளி: ஜிப்புக்குள் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்குமே, அதைத் திறந்து பார்க்கும் வழக்கமே போய்விட்டது. எந்த ஆட்டம், எந்த லெவல் என்று அதில் எழுதியிருக்கும். படித்துவிட்டு வாருங்கள்.

இம்ப்வேட்டை: டூம், ஈ2எம்4 (எபிசோட் 2, லெவல் 4) என்று இருக்கிறது.

நிலாபிக்சல்: சரி, அதுதான் விஷயம். டூம் 2-இல் லெவல்களுக்கு மேப்01, மேப்02 என்று பெயர். ஈ2எம்4-ஐ அது தேடவே தேடாது, சத்தமில்லாமல் விட்டுவிடும். -ஐவாட் போட்டு டூம் 1-இன் அசல் வாட்டைக் கொடுங்கள், நேரே அந்த லெவலுக்குத் தாவ கடைசியில் -வார்ப் 2 4 சேருங்கள். இல்லாவிட்டால் ஈ1எம்1-இலேயே நிற்பீர்கள்.

கார்மேகம்: லெவல் மாற்றும் பழக்கத்தையே டூம்தானே ஆரம்பித்தது?

பழையபெருச்சாளி: தம்பி, 1992-இல் வந்த வுல்ஃபன்ஸ்டைன் 3டி-க்கே எடிட்டர் இருந்தது. அசல் ஃபைல் மேலேயே எழுதவேண்டும், அவ்வளவுதான்.

டாஸ்பிரியன்: அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதானே டூமில் அதன் புரோகிராமர் கார்மாக் வாட்டைத் தனியாக வைத்தார்? ஆட்டம் வந்தது 1993 டிசம்பர், அடுத்த மாதமே டிஇயூ எடிட்டர் வந்துவிட்டது. வுல்ஃபில் லெவல் முழுக்க ஒரே உயரம், கட்டத்துக்குள் கட்டம். அதையும் இதையும் ஒன்றாகச் சொல்லாதீர்கள்.

பழையபெருச்சாளி: முதலில் வந்தது எது என்பதுதான் கேள்வி.

இம்ப்வேட்டை: லெவல் வந்துடுச்சு, நன்றி! ஆனா இம்ப்-னு வர்ற அரக்கனோட உருவம் மாறணும்னு டெக்ஸ்ட்ல இருக்கு, மாறலையே?

நிலாபிக்சல்: பழைய இன்ஜின் ஸ்பிரைட்டை (உருவப் படங்களை) அப்படி எடுக்காது. அன்றைக்கு டிஇயூஎஸ்எஃப் என்ற கருவியை வைத்து அசல் வாட்டோடு சேர்த்துவிடுவார்கள். சாக்லேட் டூமில் -ஃபைலுக்குப் பதில் -மெர்ஜ் போட்டுப் பாருங்கள். கூடவே .deh ஃபைல் (ஆட்டத்தின் நடத்தையை மாற்றும் பேட்ச்) இருந்தால் -டெஹ் என்று அதையும் கொடுங்கள்.

கார்மேகம்: அப்புறம் என்ன ஆச்சு, இம்ப் மாறியதா?