புதுப்பிப்பு: முன் இடது பிரேக் சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது

பிரேக் பிடித்தால் முன் இடது சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வருகிறது, டிஸ்க்கையே (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) மாற்றச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். "சக்கரத்தைக் கழற்றி உள்பக்கப் பேடைப் பாருங்கள்" என்று சொன்ன நண்பருக்கு முதல் நன்றி. கோளாறு அங்கேதான் இருந்தது. (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைதான் பேடு.)

வெளிப்பக்கப் பேடு பாதிக்கு மேல் மிச்சம். சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தால் அதுதான் கண்ணில் படும். உள்பக்கப் பேடோ 2 மி.மீ.கூட இல்லாமல் தேய்ந்து, எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பர் நகர உதவும் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, பின் துருவேறி இறுகிவிட்டது. அதனால் வேலை முழுவதும் உள்பேடின் தலையில் விழுந்திருக்கிறது.

மெக்கானிக் பின்னைச் சுத்தம் செய்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, புது உறை போட்டார். பேடுகளை இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றினோம். டிஸ்க்கை மைக்ரோமீட்டரால் அளந்தால், அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைவிட நன்றாகவே மேலே இருக்கிறது! அளந்து பார்க்காமலே மாற்றச் சொன்னதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

பிரேக் ஆயிலையும் மாற்றிவிட்டேன். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்ற பிரேக் ஆயில் வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் தரவிதி கேட்பது 155தான். தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறி ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காமல் போகலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்கள் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

பின்சக்கர டிரம் பிரேக்குகளை அடுத்த சர்வீஸில் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.