புதுப்பிப்பு: மஞ்சள் டிரம் சுற்றிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் மஞ்சள் பாலிஷ் டிரம்மில் 100 கிலோ போட்டால் அரை எச்பி (குதிரைத்திறன்) மோட்டார் உறுமிக்கொண்டே நின்றுவிடுகிறது என்று. பதில் சொன்ன அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி.

எடையை மட்டும் பார்த்ததுதான் தப்பு. டிரம் சுற்றும்போது மஞ்சள் அடியில் கிடப்பதில்லை. ஒரு பக்கமாக ஏறிச் சரிகிறது. குவியலின் நடு, அச்சிலிருந்து பக்கவாட்டில் சுமார் 15 செ.மீ. தள்ளி நிற்கிறது. 100 கிலோ × புவியீர்ப்பு 9.81 × தூரம் 0.15 மீட்டர், அதாவது டிரம்மைத் திருப்ப 147 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. அந்த விசையோடு நிமிடத்துக்கு 30 சுற்று சுற்ற 462 வாட் வேண்டும். அரை எச்பி தருவதே 373 வாட்தான்! கியர்பாக்ஸ் இழப்பு, நிறைந்த டிரம்மைக் கிளப்பும் சுமை இரண்டையும் சேர்த்து 1.5 எச்பி மாட்டினோம். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, 48:1 கியர் அதை 30 ஆகக் குறைக்கிறது.

நேற்று முழு லோடு. டிரம்மின் வலை வழியே தூசி கொட்டக் கொட்ட விரலி மஞ்சள் பளபளவென்று வந்தது. மோட்டாரில் கை வைத்தால் வெதுவெதுப்புதான். மூட்டைகள் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போயாச்சு.